உள்ளே போடலாம், வெளியே எடுக்க முடியாது: தென் துருவம், ஜூலை 1999

1999-ம் ஆண்டுக் குளிர்காலத்தின் நடுவே, தென் துருவத்தின் ஆமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில் ஒரு கண்ணாடி ஸ்லைடு நுண்ணோக்கியின் கீழே வைக்கப்பட்டது. அதன் மேல் இருந்த திசு, நிலையத்தின் ஒரே மருத்துவரான ஜெர்ரி நீல்சனின் மார்பிலிருந்து எடுத்தது. ஊசியைக் குத்தி எடுத்தவரும் அவரே. ஸ்லைடின் படங்கள் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுக்குப் போயின. அங்கிருந்த நிபுணர்களால் புற்றுநோய் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. திசுவைப் பதப்படுத்தி நிறமேற்றுவதற்கு நிலையத்தில் இருந்த பொருள்கள் மிகப் பழையவை.

பிறகு நடந்தது உலகம் முழுக்கச் செய்தியானது. நியூசிலாந்து நேரப்படி ஜூலை 11 அன்று, அமெரிக்க விமானப் படையின் சி-141 ஸ்டார்லிஃப்டர் சரக்கு விமானம் ஒன்று துருவ இருட்டில் வந்து, ஆறு மூட்டைகளைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பியது. நாளேடுகள் அதை மீட்பு என்று எழுதின. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. அன்று யாரும் மீட்கப்படவில்லை. விமானம் போனபின் நோயாளி முன்பிருந்த அதே இடத்தில்தான் இருந்தார், இன்னும் மூன்று மாதம் இருந்தார். அந்த விமானம் கொண்டுவந்தது என்ன, எதைக் கொண்டுவர முடியவில்லை என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு விளங்கும்.

இடமும் காலமும்

ஆமுண்ட்சென்-ஸ்காட் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில், பனிப்பாளத்தின் மேல் நிற்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பொறுப்பில் இயங்குகிறது. அங்கே ஆண்டுக்கு ஒரு பகல், ஒரு இரவு. மார்ச் கடைசியில் மறையும் சூரியன் செப்டம்பர் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். ஜூலையின் சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 1982-ம் ஆண்டு ஜூன் 23 அன்று மைனஸ் 82.8 டிகிரி பதிவாகியிருக்கிறது.

பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பிவிட்டால், அடுத்தது அக்டோபர் கடைசியில்தான். இடையிலுள்ள எட்டு மாதத்துக்கு மேற்பட்ட காலத்தை அங்கே கழித்தவர்கள் 1999-ல் 41 பேர். 1975-ல் திறக்கப்பட்ட, 50 மீட்டர் அகலமுள்ள அலுமினியக் குவிமாடம்தான் அப்போது அவர்களுக்கு ஊர். அதற்குள் பெட்டி பெட்டியாகக் கட்டடங்கள் இருந்தன. குவிமாடம் காற்றையும் பனியையும் தடுத்தது, குளிரைத் தடுக்கவில்லை. சாப்பாட்டு அறையிலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போகவும் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மருத்துவரே நோயாளி

ஜெர்ரி நீல்சனுக்கு அப்போது வயது 47. ஓஹாயோவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் நீண்ட அனுபவம் உள்ளவர். ஓராண்டு ஒப்பந்தத்தில் துருவத்துக்கு வந்திருந்தார். 41 பேருக்கும் அவர் ஒருவர்தான் மருத்துவர். நிலையம் மூடப்பட்ட பிறகு தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதை உணர்ந்தார்.

தனித்த நிலையத்தில் மருத்துவரே படுத்துக்கொள்வது புதிய கதையல்ல. 1961 ஏப்ரல் 30 அன்று இரவு, சோவியத்தின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் லியோனிட் ரோகொசோவ் என்ற இளம் மருத்துவர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். அங்கும் அவர் ஒருவர்தான் மருத்துவர். ஒரு வித்தியாசம் உண்டு. குடல்வாலுக்கு ஒரு கத்தியும் அசாத்தியத் துணிச்சலும் போதும். ஓர் இரவில் முடிந்துவிடும். புற்றுநோய்க்குத் துணிச்சல் போதாது. முதலில் அது என்ன வகை என்று தெரிய வேண்டும், பிறகு அதற்கேற்ற மருந்து வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் வேண்டும். வெறுங்கையால் முழம் போட முடியாது.

நீல்சன் அமெரிக்காவிலுள்ள மருத்துவர்களோடு மின்னஞ்சலிலும் காணொளியிலும் பேசினார். இந்தத் தொடர்பே ஒரு விநோதம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து தெரியாது. தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். ஆனால் ஒரு செயற்கைக்கோளுக்கு வயதாகி, எரிபொருளைச் சேமிப்பதற்காக அதன் பாதையைத் திருத்துவதை நிறுத்தினால், பாதை மெல்லச் சாயத் தொடங்கும். சாய்ந்த பாதையில் அது நாளுக்குச் சில மணி நேரம் துருவத்திலிருந்து தலைகாட்டும். 1983-ல் விண்வெளி ஓடத்திலிருந்து ஏவப்பட்ட நாசாவின் டிடிஆர்எஸ்-1 அப்படிப்பட்ட ஒன்று. நீல்சனின் காணொளி ஆலோசனைகள் அதன் வழியாகத்தான் நடந்தன. மற்றவர்களுக்குக் காலம் முடிந்த கருவி என்பதாலேயே அது துருவத்துக்குக் கிடைத்தது.

ஏன் தரையிறங்கவில்லை

விமானம் அவ்வளவு தூரம் வந்ததே, இறங்கி அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது பனி. பனியில் இறங்கும் விமானங்களின் அடியில் பொருத்தும் சறுக்குக்கட்டை வழுக்குவதற்குக் காரணம், உராய்வின் சூட்டில் அதன் அடியில் உருவாகும் மெல்லிய நீர்ப்படலம். மைனஸ் 60-ல் அந்தப் படலம் சரியாக உருவாகாது. பனி மணலைப் போல உரசிப் பிடிக்கும். நின்றுவிட்டாலோ சறுக்குக்கட்டை பனியோடு ஒட்டிக்கொள்ளும். சி-141-க்கு அந்தச் சறுக்குக்கட்டையும் கிடையாது, அது சக்கரத்தில் ஓடும் ஜெட் விமானம். துருவத்தில் வழக்கமாக இறங்குவது, சறுக்குக்கட்டை பொருத்திய எல்சி-130 ஹெர்குலிஸ்.

இரண்டாவது எண்ணெய். ஹெர்குலிஸைத் துருவத்தில் இறக்குவதற்கு மைனஸ் 50-ஐ ஒட்டிய வெப்பநிலைதான் நடைமுறையில் எல்லை. அதற்கும் கீழே போனால் ஹைட்ராலிக் திரவம் தடித்துப்போகும், ரப்பர் வளையங்கள் விறைத்துக் கசியும், எரிபொருளே உறைநிலையை நெருங்கும். மூன்றாவது மிக எளிது. இறங்கிய விமானம் எழும்பவில்லை என்றால், 41 பேருக்கு இருக்கும் உணவிலும் படுக்கையிலும் விமானக் குழுவும் பங்கு கேட்கும், அவர்களை எடுக்க வர இன்னொரு விமானம் கிடையாது. ஒரு நோயாளிக்காகப் போய் பத்துப் பேரைச் சிக்கவைப்பது வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை.

மேலிருந்து போடுவது அவர்களுக்குத் தெரியாத வேலையல்ல. முந்தைய ஆண்டுகளில், நடுக் குளிர்காலத்தில் தபாலும் காய்கறி பழங்களும் போடும் வழக்கமே இருந்தது. பச்சைக் காய்கறியைக் கண்ணால் கண்டே மாதங்கள் ஆன நிலையத்துக்காரர்களுக்கு அது பொங்கல், தீபாவளி எல்லாம் சேர்ந்த நாள். 1999-ல் அந்த வழக்கம் நின்றிருந்தது. என் கணிப்பில், முன்னே போட்டுப் பழகிய கைகளும் எழுதிவைத்த முறைகளும் இல்லாதிருந்தால், முடிவெடுத்துச் சில வாரங்களுக்குள் இதை நடத்தியிருக்க முடியாது. ஆப்பிளும் கடிதமும் போட்ட பயிற்சி மருந்து போட உதவியது.

ஜூலை 11

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து துருவம் ஏறக்குறைய 5,100 கிலோமீட்டர். போய்த் திரும்ப 10,000-ஐத் தாண்டும். நடுவில் எரிபொருள் நிரப்ப ஓர் இடமும் இல்லாததால், சி-141 வானத்திலேயே டேங்கர் விமானத்திடமிருந்து எரிபொருள் வாங்கிக்கொண்டது. விமானம் வாஷிங்டன் மாநிலத்தின் மெக்கார்டு தளத்தைச் சேர்ந்தது.

துருவத்தை நெருங்கும்போது திசைகாட்டி உதவாது. காந்தத் துருவம் வேறெங்கோ கடலோரத்தில் கிடக்கிறது; தீர்க்கரேகைகள் எல்லாம் வந்து ஒரு புள்ளியில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளியில் நிற்பவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான். அதனால் கிரீனிச் ரேகையின் திசையையே வடக்கு என்று வைத்துக்கொண்டு, வரைபடத்தின் மேல் ஒரு கற்பனைக் கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தின்படிதான் விமானிகள் பறப்பார்கள்.

இருட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துருவக் குளிர்காலத்தில் நிலா மாதத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மறையாமல் வட்டமடிக்கும், பௌர்ணமி அந்த இரண்டு வாரத்தின் நடுவில் வரும். மீதி இரண்டு வாரம் எழவே எழாது. 1999 ஆகஸ்ட் 11 அன்று ஐரோப்பாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கலாம். சூரிய கிரகணம் என்றால் அமாவாசை. அங்கிருந்து ஒரு மாதம் பின்னே எண்ணினால் ஜூலை 13 முந்தைய அமாவாசை. ஆக, விமானம் வந்த அன்று துருவத்தில் நிலா தொடுவானத்துக்குக் கீழே. நட்சத்திர வெளிச்சம் மட்டும்தான். நிலாவுக்காக இரண்டு வாரம் காத்திருக்க நோய்க்குப் பொறுமை இல்லை.

தரையில் இருந்தவர்கள் பீப்பாய்களில் தீ மூட்டி, மூட்டைகள் விழ வேண்டிய இடத்தை விமானத்துக்குக் காட்டினார்கள். கேட்பதற்குச் சொக்கப்பனை போலச் சுலபமாகத் தெரியும். ஆனால் நிலையத்தில் ஏராளமாக இருக்கும் ஜெட் எரிபொருள், சாதாரண நாளிலேயே தீக்குச்சிக்கு மசியாது. அதன் ஆவி தீப்பிடிக்கவே 38 டிகிரிச் சூடு வேண்டும். மைனஸ் 60-ல் அது கூழாகத் தொடங்கும். அதில் எரியும் குச்சியைப் போட்டால் தண்ணீரில் போட்டதுபோல அணைந்துவிடும். விறகோ துணியோ திரியாக இருந்து, சுற்றியிருப்பதைச் சூடாக்கிக் கொடுத்தால்தான் பற்றும். விமானம் எப்போது தலைக்கு மேல் வரும் என்று நிமிடக் கணக்குப் பார்த்து, கனத்த கையுறைக்குள் விரல் மரத்துப்போக, வரிசையாக ஒவ்வொரு பீப்பாயாக இதைச் செய்ய வேண்டும். சீக்கிரம் மூட்டினால் விமானம் வருமுன் எரிந்து தீர்ந்துவிடும், தாமதித்தால் பற்றுமுன் விமானம் கடந்துவிடும்.

விமானத்துக்குள் இருந்தவர்களுக்கும் சுகமான வேலை இல்லை. சரக்கைத் தள்ளக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் வெளியிலுள்ள குளிர் அத்தனையும் உள்ளே. பெரிய ஜெட் விமானம் எவ்வளவு வேகத்தைக் குறைத்தாலும் மணிக்கு 270 கிலோமீட்டருக்குக் குறையாது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு நொடி பிந்தினால் மூட்டை 75 மீட்டர் தள்ளி விழும். பகலில் 75 மீட்டர் ஒன்றுமில்லை. அந்த இருட்டில், மூச்சுக் காற்று கண்ணாடியில் உறைந்து மறைக்க, கையில் ஒரு விளக்கோடு தேடுபவருக்கு அது வேறு ஊர்.

பாராசூட்டைப் பற்றி எனக்கு இருந்த ஓர் எண்ணம் கணக்குப் போட்டபோது மாறிப்போனது. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், மூட்டை வேகமாக வந்து மோதும் என்று நினைத்திருந்தேன். அழுத்தம் குறைவுதான், கடல் மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் குளிர் காற்றைச் சுருக்கி அடர்த்தியாக்கிவிடுகிறது. மைனஸ் 60-ல் துருவக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.1 கிலோவுக்குச் சற்று மேல். கடல் மட்டத்தில் சராசரியாக 1.2. பெரிய வேறுபாடில்லை. கோடையில் அதே இடத்தில் அடர்த்தி இன்னும் குறைவு. குளிர்காலம் உதவி செய்த ஒரே விஷயம் இதுதான்.

தரையைத் தொட்ட பிறகு ஆபத்து குளிரிடமிருந்துதான். குப்பிகளிலும் பைகளிலும் இருக்கும் திரவ மருந்து உறைந்தால் பயனற்றுப் போகலாம், குப்பியே வெடிக்கலாம். காப்பு உறை போட்டுக் கட்டியிருந்தாலும் அது நேரத்தை நீட்டிக்குமே தவிர நிறுத்தாது. காற்று பிடித்தால் விரிந்த பாராசூட் மூட்டையை இருட்டுக்குள் இழுத்துக்கொண்டும் போகும். அதனால் விழுந்ததும் ஓடிப் பிடித்துக் கட்டடத்துக்குள் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், ஓடுவது என்பதே நுரையீரலைக் கிழிக்கும் செயல்.

மூட்டையில் வந்தது

புற்றுநோய் மருந்துகள், அல்ட்ராசவுண்ட் கருவி, தபால், புதிய காய்கறி பழம், திசுவைப் பரிசோதிக்கப் புதிய பொருள்கள். செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது மருந்து. என்னைக் கேட்டால் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் வைப்பேன். நீல்சன் முதலில் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கினார். புதிய பொருள்களைக் கொண்டு மறுபடி செய்த பரிசோதனையின் படங்கள் அமெரிக்காவுக்குப் போனபோது, இந்த முறை பதில் தெளிவாக வந்தது: புற்றுநோய்தான். அந்தப் பதில் வந்த பிறகுதான் கீமோதெரபி.

கீமோதெரபியைத் தனக்குத்தானே ஏற்றிக்கொள்ள முடியாது. நரம்பில் ஊசி ஏற்றவும், சொட்டு வேகத்தைப் பார்க்கவும், மயங்கிவிட்டால் கவனிக்கவும் ஆள் வேண்டும். நீல்சன் சக ஊழியர்களைப் பயிற்றுவித்து ஒரு குழு அமைத்தார். அதில் வெல்டர் ஒருவரும் இருந்தார். ஊசி போடக் கற்றுக்கொள்வதற்குக் காய், பழங்களில் குத்திப் பழகினார்கள். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இரும்பை ஒட்டவைக்கும் கை நரம்பைத் தேடுவதில் அத்தனை முரண் இல்லை. இரண்டுக்கும் வேண்டியது ஆடாத மணிக்கட்டு. அமெரிக்காவிலிருந்த புற்றுநோய் மருத்துவர் கேத்தி மில்லர் தொலைவிலிருந்து வழிநடத்தினார்.

இந்த நிகழ்வின் பலவீனமான கண்ணியும் இங்கேதான் தெரிகிறது. நீல்சனே சிகிச்சை பெறுபவர், நீல்சனே சிகிச்சைக் குழுவின் ஆசிரியர், மற்ற 40 பேருக்கும் நீல்சனே மருத்துவர். கீமோதெரபி ஏறிய மறுநாள், குமட்டலோடு படுத்திருக்கும்போது, ஒருவருக்கு எலும்பு முறிந்தால் யாரைக் கூப்பிடுவது? இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல. அதே குளிர்காலத்தில் நிலையத்தில் ஒருவருக்கு இடுப்பில் அடிபட்டிருந்தது. ஆறு மூட்டைகளில் எதிலும் இரண்டாவது மருத்துவர் வரவில்லை, வர முடியாது. பாராசூட்டில் ஆளை இறக்கலாம் என்றாலும், அந்தக் குளிரில் அது சிகிச்சைக்குப் புதிதாக ஒரு நோயாளியை அனுப்புவதாக முடியலாம். இன்று துருவத்தில் குளிர்காலம் முழுவதும் மருத்துவரோடு இன்னொரு மருத்துவப் பணியாளரும் இருக்கிறார்.

அக்டோபர்

சூரியன் செப்டம்பரில் எழுந்தது. குளிர் அதோடு சேர்ந்து போய்விடுவதில்லை. வழக்கமான நாளுக்குச் சில வாரம் முன்பே, அக்டோபர் 16 அன்று, எல்சி-130 ஒன்று துருவத்தில் இறங்கியது. வெப்பநிலை மைனஸ் 50-க்குச் சற்றுக் கீழே இருந்தது. நியூயார்க் விமானத் தேசியக் காவல் படையின் 109-வது பிரிவு ஓட்டிவந்தது. பல பத்தாண்டுகளாக அண்டார்டிகாவில் பறந்த கடற்படையின் பிரிவு அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கலைக்கப்பட்டிருந்தது. 109-வது பிரிவுக்கு இது தனிப் பொறுப்பில் முதல் பருவம். இயந்திரங்களை அணைக்கவில்லை. மாற்று மருத்துவர் இறங்கினார், நீல்சனும் இடுப்பில் அடிபட்டவரும் ஏறினார்கள், அரை மணி நேரத்துக்குள் விமானம் கிளம்பிவிட்டது.

நீல்சன் ஊருக்குத் திரும்பிச் சிகிச்சை பெற்றார், நோய் அடங்கியது, பல ஊர்களுக்குப் போய் மேடைகளில் பேசினார். 2005-ல் புற்றுநோய் திரும்ப வந்தது. 2009 ஜூன் 23 அன்று, 57 வயதில் இறந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து

1999-ல் குளிர்காலத்தில் இறங்குவது நடக்காத காரியம் என்று முடிவு செய்தவர்கள் தவறு செய்தார்களா? பின்னால் நடந்ததை வைத்து முன்னால் இருந்தவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனாலும் பின்னால் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

2001 ஏப்ரலில் அதே நிலையத்தின் மருத்துவர் ரொனால்ட் ஷெமென்ஸ்கிக்குக் கணையத்தில் அழற்சி. மறுபடியும் ஒரே மருத்துவர், அவரே நோயாளி. இந்த முறை பெரிய ராணுவ விமானத்தை யாரும் நினைக்கவில்லை. கனடாவின் கென் போரெக் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர், இரண்டு உந்திகளும் சறுக்குக்கட்டையும் உள்ள சிறிய விமானம், அண்டார்டிகத் தீபகற்பத்தின் ஓரத்திலுள்ள பிரிட்டனின் ரொதேரா நிலையத்திலிருந்து கிளம்பியது. ஏறக்குறைய பத்து மணி நேரம் பறந்து அரையிருட்டில் துருவத்தில் இறங்கியது. ஹெர்குலிஸ் கைவிரிக்கும் குளிரில் ட்வின் ஆட்டர் வேலை செய்யும். மைனஸ் 75 வரை தாங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் எல்லை. ஓட்டிவந்தவர்கள் ஓய்வெடுத்துக்கொண்டு, அவரை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வரும்போதே மாற்று மருத்துவரைக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஏப்ரல் வேறு, ஜூலை வேறு என்று அப்போது சொல்ல முடிந்தது. ஏப்ரலில் தொடுவானத்தில் கொஞ்சம் வெளுப்பாவது மிச்சம் இருக்கும், குளிரும் உச்சத்துக்கு வந்திருக்காது. 2016 ஜூனில் அதே நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் மறுபடி ரொதேராவிலிருந்து போனது. அது ஆண்டின் மிக இருண்ட வாரம். நோயாளிகள் இருவரை ஏற்றிக்கொண்டு வந்தது.